பைன் காட்டில் ஒரு குறுக்குக் கோடு

மலைமேல் ஒரு பைன் மரக் காடு. பகலிலும் அங்கே வெளிச்சம் தூக்கக் கலக்கத்தோடுதான் வரும். உதிர்ந்த சருகு மெத்தை மாதிரிக் கிடக்கும். நடந்தால் நம்ம காலடி நமக்கே கேட்காது.

அந்தக் காட்டில் மான் வேட்டை கற்றுக் கொடுத்தவள் காரியம்மை. அவளைக் குருவாக ஏற்று வந்து சேர்ந்தவன் மாடையன். அவன் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். உடம்பு தேறவில்லை, பாலும் ஊறவில்லை. மான்கறிச் சாறு குடித்தால் தேறிவிடுவாள் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

காற்று முகத்தில் படும்படி நடக்கக் கற்றான் மாடையன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டான். இருமல் வந்தால் விழுங்கப் பழகினான். மான் மட்டும் கண்ணில் படவே இல்லை.

"அது நம்மளைப் பார்க்குது, குருவம்மா. நமக்குத்தான் அது தெரியமாட்டேங்குது."

"நீ கொம்பைத் தேடுற. இந்தக் காட்டுல எல்லாமே கொம்பாத்தான் தெரியும்" என்றாள் காரியம்மை. "மரமெல்லாம் நெட்டுக்க நிக்குது. குறுக்க ஏதாவது இருக்கான்னு பாரு. மானோட முதுகு அப்படித்தான் தெரியும்."

மறுநாள் காலையில் மூடுபனி அடிமரங்களைத் தின்றுவிட்டிருந்தது. மேல்பாதி மரங்கள் மிதந்தன. தானும் மிதப்பதாகத்தான் மாடையனுக்குப் பட்டது.

அப்போது தூரத்தில், இடுப்பு உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு குறுக்கே கிடந்தது.

வில்லை வளைத்தான். காரியம்மை அம்பு முனைக்கு நேரே உள்ளங்கையை வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"மான்."

"தலை?"

"மரம் மறைக்குது."

"கால்?"

"பனிக்குள்ள இருக்கு. கையை எடுங்க, ஓடிடப்போகுது."

அவள் எடுக்கவில்லை.

கோடு நிமிர்ந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்து சருகு அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சீரங்காயி, இடுப்பைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"யாரது, மாடையனா? பிள்ளைக்குப் பேர் வச்சாச்சா?"

அவன் வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"வைக்கப் போறாங்க. நீ கூடையை நிரப்பிக்கிட்டுப் பொழுதோட வீடு போய்ச் சேரு" என்றாள் காரியம்மை.

சீரங்காயி கூடையோடு பனிக்குள் கரைந்து போனாள். மாடையன் வில்லைக் கீழே வைத்தான்.

"காது அசைஞ்சதை என் கண்ணால பார்த்தேன், குருவம்மா."

"பார்த்திருப்ப. உன் வீட்டுச் சட்டி காலியாத்தானே இருக்கு."

"இனிமே நான் வில்லைத் தொடலை."

"சாறுக்கு என்ன பண்ணுவ?"

அவள் காற்றுக்கு எதிரே நடந்தாள். அவனும் வில்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

வெயில் சொட்டுச் சொட்டாக இறங்கிய ஓரிடத்தில் மறுபடியும் ஒரு கோடு தெரிந்தது. மாடையன் அம்பைக் கோத்தான். நாணை இழுக்கவில்லை. காரியம்மை இந்தத் தடவை கையை நீட்டவும் இல்லை.

"என்ன தெரியுது?"

"ஒரு கோடு."

"மான் இல்லையா?"

மாடையன் வெகுநேரம் பார்த்தான். அவ்வளவு தூரத்திலும் பிள்ளை அழுவது அவன் காதுக்குள் கேட்டது.

"கோடு மட்டுந்தான் தெரியுது."

காரியம்மை சத்தமில்லாமல் சருகின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப இரு. மிச்சத்தை அதுவே காட்டட்டும்."