பாதியாகக் குறைத்த மைசூர்பாகு

சிமெண்ட் ஆலை முதலாளி சிதம்பரநாதன் ஒரு டப்பா மைசூர்பாகோடு மடத்துக்கு வந்தார். வருகிற அடியார்களுக்குக் கொடுக்கத்தான். மறுநாள் கம்பெனிக் கூட்டம். அதற்குமுன் குருவின் ஆசி வேண்டும்.

"நல்ல சேதி சாமி. பத்து வருஷத்துல ஆலைப் புகையைப் பாதியாக் குறைக்கிறோம். நாளைக்கு அறிவிக்கப் போறேன்."

தாண்டவ சுவாமிக்கு நல்ல சேதி என்றாலே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

"எந்த வருஷத்துப் புகையில பாதி?"

"ரெண்டு சூளையும் ராப்பகலா எரிஞ்ச வருஷம் சாமி."

"இப்போ?"

சிதம்பரநாதன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணுதான் எரியுது. சரக்கு விக்கல, இன்னொண்ணை மூடிட்டோம்."

"அப்போ இன்னைக்கே பாதி ஆயிடுச்சே. பத்து வருஷம் என்ன பண்ணப் போறே?"

முதலாளி சிரித்தார். "அதானே சாமி சாமர்த்தியம்."

"வெயில் ஏறாம பூமி தாங்கணும்னா புகையை இவ்வளவு குறைக்கணும்னு விஞ்ஞானிங்க ஒரு அளவு சொல்றாங்களாமே?"

"எங்க இன்ஜினீயர் பொண்ணும் அதையேதான் சொல்லுது. சூளையையே மாத்தணுமாம். கட்டுப்படியாகாது சாமி. நம்மால முடிஞ்ச அளவை நாமதானே வெச்சுக்கணும்?"

சுவாமி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார்.

சிதம்பரநாதன் பதறிப்போனார். சர்க்கரை நோயால் சுவாமியின் கால்விரல் ஒன்றை எடுத்து அதிக நாள் ஆகவில்லை. பக்கத்து விரலிலும் இப்போது புண். டாக்டர் எச்சரித்தபோது கூடவே நின்றவர் இவர்தான்.

"சாமி! இனிப்பைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"நான்தான் பாதியாக் குறைச்சுட்டேனே."

"எதுல பாதி?"

"போன தீபாவளிக்குத் தின்னதுல."

"அன்னைக்கு டப்பாவையே காலி பண்ணுனீங்க! அதெல்லாம் ஒரு கணக்கா?"

"என்னால முடிஞ்ச அளவு அதுதான்ப்பா."

துண்டு வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது. சிதம்பரநாதனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. குரு என்றும் பாராமல் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"காலே போயிடும் சாமி! பாதியாக் குறைச்சுட்டேன்னு நீங்க சொன்னா அந்தப் புண்ணு கேட்குமா?"

சுவாமி கட்டுப்போட்ட காலை மெல்ல இழுத்து மடக்கிக்கொண்டார்.

"கேட்காதுதான்," என்றார். "வெயில் கேட்கும்னு உனக்கு யாரு சொன்னா?"