முள்ளுக்காட்டுச் சேவல் சொன்ன வணக்கம்

ஒரு காட்டில், சின்னக் காடு என்று நினைத்துவிடாதீர்கள், ஓர் ஓரத்தில் கிளம்பினால் மறு ஓரம் போய்ச் சேர்வதற்குள் வந்த காரியமே மறந்துபோகும், அவ்வளவு பெரிய காட்டில், கடைசி மூலையில் முள்ளுக்காடு என்று ஓர் இடம் இருந்தது.

பெயருக்கு ஏற்ற இடம்தான். எங்கே பார்த்தாலும் கருவேலமும் கள்ளியும். முயல், உடும்பு, கௌதாரி, ஓணான் என்று சின்னச் சின்ன உயிர்கள் அங்கே குடியிருந்தன. மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஓடைதான் அவை எல்லாவற்றுக்கும் தண்ணீர்.

அந்த ஓடை ஒருநாள் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. கௌதாரி பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது:

"மேலே காட்டுப்பன்றியார் ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் குவிச்சு அதுமேல படுத்திருக்கார். தண்ணியெல்லாம் பக்கத்துல இருக்கிற அவரோட சேத்துக்குழிக்குத் திரும்பிப் போகுது. குடும்பத்தோட அதுல புரண்டுக்கிட்டிருக்காங்க. ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

"நம்ம கஷ்டத்தைச் சொல்ல வேண்டியதுதானே?" என்றது உடும்பு.

"சொன்னேனே. உங்க ஊர் எந்தப் பக்கம்னு கேட்டார். காட்டினேன். 'அட, அங்கேகூட ஆளுங்க இருக்காங்களா'ன்னு ஆச்சரியப்பட்டுட்டு மறுபடி படுத்துட்டார்."

முள்ளுக்காட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குட்டை. பஞ்சுவால் என்ற தாய்முயல் அந்தக் குட்டையைப் பார்த்தது. பிறகு தன் குட்டிகளைப் பார்த்தது. குட்டை வற்றினால் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். போவதற்கு இருந்த வழியோ நரிமேடு. அங்கே யார் இருப்பார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம். அந்த வழியாகப் போனால் குட்டிகளில் எத்தனை மிஞ்சும்?

"நம்ம சேவலாரை மகாசபைக்கு எதுக்கு அனுப்பி வச்சோம்? போய்ப் பேசட்டும்" என்றது பஞ்சுவால்.

காட்டுச்சேவலார்தான் முள்ளுக்காட்டின் மகாசபை உறுப்பினர். நல்ல சிவப்புக் கொண்டை, நல்ல கணீர்க் குரல். அவர் இங்கே கூவினால் மலை திரும்பக் கூவும். அந்தக் குரலுக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"கவலையை விடுங்க. நான் பேசுற பேச்சுல ஓடை தானா இறங்கி வரும்" என்று சொல்லி, சிறகைத் தட்டிக்கொண்டு கிளம்பினார் சேவலார்.

மகாசபை காட்டின் நடுவில், வட்டப்பாறையில், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலையில் கூடும். அவைத்தலைவர் ஆந்தையார். ஆந்தைக்குப் பகலில் தூக்கம் வரும்தான். அதற்காகப் பதவியை விட்டுவிட முடியுமா? உயரமான கிளையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே சபையை நடத்துவார்.

சபைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது முதல் விதி.

பேச எழுந்தவர் முன்னால் ஒரு பூவரச இலையை வைத்து, காம்புப் பக்கம் ஒரு நத்தையை விடுவார்கள். நத்தை இலையின் நுனிக்கு வரும் வரை பேசலாம். நத்தைதானே, மெதுவாகத்தானே போகும் என்கிறீர்களா? இலை சின்னது, குழந்தைகளே. நுனி வந்ததும் மரங்கொத்தி டொக் டொக் என்று தட்டும். அதற்குப் பிறகு ஒரு சொல் பேசினாலும் கணக்கில் சேராது.

வணக்கத்துக்கும் ஒரு விதி இருந்தது. ஒருவர் வணக்கம் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. வணக்கம் பெற்றவர் எழுந்து, தலை குனிந்து, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எழாதவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் குளம்பாலோ வாலாலோ தரையைத் தட்டி ஆரவாரம் செய்ய வேண்டும்.

இனி முள்ளுக்காட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே யார் பேச எழுந்தாலும், கூடியிருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி 'அவர்களே, அவர்களே' என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் வம்பு. ஒருமுறை கௌதாரி வீட்டுக் கல்யாணத்தில் ஓணானை விட்டுவிட்டார்கள். ஓணான் அந்த மழைக்காலம் முடியும் வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சேவலார் அந்த மண்ணில் வளர்ந்தவர். மகாசபையில் எழுந்தார். தொண்டையைச் சரிசெய்தார். நத்தை கிளம்பியது.

"கிளையை அலங்கரிக்கும் அவைத்தலைவர் ஆந்தையார் அவர்களே, மலைக்கு நிகரான யானையார் அவர்களே, கோடுகளுக்கே பெருமை சேர்த்த புலியார் அவர்களே, தோகை விரித்தால் மேகத்தையே வரவழைக்கும் மயிலார் அவர்களே..."

ஒவ்வொருவராக எழுந்தார்கள், தலை குனிந்தார்கள், உட்கார்ந்தார்கள். பாறை அதிர்ந்தது. சேவலாருக்குக் குஷி தாங்கவில்லை. கரடியாரின் தேன் ஞானத்தைப் புகழ்ந்தார். நரியாரின் நேர்மையைக்கூடப் புகழ்ந்தார். பெருச்சாளியாரின் மீசைக்கு வந்து சேர்ந்தபோது டொக் டொக் என்று கேட்டது.

"நேரம் முடிந்தது" என்றது மரங்கொத்தி.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் சேவலார்.

அது கணக்கில் சேரவில்லை.

ஊர் திரும்பியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"பேசினீங்களா?" என்றது உடும்பு.

"பேச்சா அது? சபையே தட்டித் தீர்த்துடுச்சு. யானையார் தட்டினதுல நான் ஒரு தடவை மேலே எகிறி விழுந்தேன்."

"தண்ணிக்கு என்ன சொன்னாங்க?"

சேவலார் காலால் மண்ணைக் கிளறினார். "தண்ணி வரைக்கும் போக முடியலை. பெருச்சாளியாரோட நின்னு போச்சு."

"பெருச்சாளி மீசையை நனைச்சுக் குடிக்கச் சொல்றீங்களா?" என்றது உடும்பு.

"அப்ப அடுத்த தடவை கும்பிடே வேண்டாம், சேவலாரே. எழுந்ததும் தண்ணின்னு சொல்லிடுங்க" என்றது கௌதாரி.

குட்டை பாதியாக வற்றியிருந்தது.

அடுத்த சபையில் சேவலார் எழுந்தார். நத்தை கிளம்புவதற்குள் "தண்ணீர்" என்றார்.

"வணக்கம் எங்கே?" என்று கேட்டார் மயிலார்.

"அதானே, வணக்கம் எங்கே?" என்றார் கரடியார்.

"போன மாசம் என் மீசை வரைக்கும் வந்தார். இந்த மாசம் என்னைத் தெரியவே இல்லையாம்" என்று பெருச்சாளியார் மூக்கை உறிஞ்சினார்.

ஒரே கூச்சல். மயிலார் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். தோகை நீளம் அல்லவா, அது முழுதும் வெளியே போய் முடிவதற்கே வெகுநேரம் ஆயிற்று. டொக் டொக்.

சேவலார் வாடிய கொண்டையோடு வெளியே வந்தார். காட்டின் தண்ணீருக்கெல்லாம் பொறுப்பாளர் கொக்கார் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, எங்க ஓடை..." என்றார் சேவலார்.

"கவனத்தில் இருக்கு" என்றார் கொக்கார்.

"நீங்க ஒரு தடவை வந்து பார்த்தா..."

"நல்லா கவனத்தில் இருக்கு" என்று சொல்லி, காலை மாற்றிக்கொண்டார் கொக்கார்.

சேவலார் ஊர் வந்து சேர்ந்தபோது குட்டையில் வானம் தெரியவில்லை. அவ்வளவு சுருங்கியிருந்தது. குட்டிமுயல்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு நக்கு நக்கிவிட்டு நகர்ந்தன. கடைசியில் நின்ற குட்டிக்குச் சேறுதான் கிடைத்தது.

சேவலார் அதைப் பார்த்தார்.

"கும்பிட்டா நேரம் போகுது. கும்பிடலைன்னா சபையே போகுது. என்னால முடியாது, பஞ்சுவால். வேற யாரையாவது அனுப்பிக்கோங்க" என்றார்.

பஞ்சுவால் காதை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தது.

"நீங்க கும்பிடும்போது யாரும் குறுக்கே பேச மாட்டாங்களா?"

"மூச்சுவிட மாட்டாங்க."

"பேர் சொன்னா எழுந்தே ஆகணுமா?"

"எழுந்தே ஆகணும். தலையும் குனியணும்."

"அப்ப ஏன் கும்பிடை முடிச்சுட்டுக் கஷ்டத்தைச் சொல்லப் பார்க்கறீங்க? கும்பிடுக்குள்ளேயே கஷ்டத்தை வச்சிடுங்க."

கொழுக்கட்டைக்குள் பூரணத்தை வைப்பதுபோல எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டது பாருங்கள்.

சேவலார் திகைத்தார். "மரியாதைக் குறைவா ஆயிடாதா?"

"ஒரு 'அவர்களே' கூடக் குறைய வேண்டாம். வேணும்னா கூடவே ரெண்டு போட்டுக்கோங்க."

சேவலாரின் கொண்டை மெல்ல நிமிர்ந்தது. அன்றிலிருந்து முள்ளுக்காட்டில் யாராலும் தூங்க முடியவில்லை. கள்ளிச்செடியைப் பார்த்து வணங்குவார். கருவேலமரத்தைப் பார்த்து வணங்குவார். உடும்பு இரை தேடப் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய், "இது நல்லா இருக்கா, இப்படிச் சொல்லட்டுமா?" என்று கேட்பார்.

"தண்ணி வராட்டி நான் தாகத்துல சாவேன். அதுக்கு முன்னாடி இவரே என்னைக் கொன்னுடுவார்" என்றது உடும்பு.

மூன்றாவது சபைக்குப் பஞ்சுவாலும் கூடப் போனது. பார்வையாளர்களுக்கென்று ஒதுக்கிய புதரில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு கிழநரி.

"முதல் விதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டது பஞ்சுவால்.

"அதை நினைச்சுத்தான் வருத்தப்பட்டுக்கிட்டிருக்கேன்" என்றது நரி.

சேவலார் எழுந்தார். நத்தை கிளம்பியது. சேவலார் இரண்டு சிறகையும் கூப்பினார்.

"மலையிலிருந்து இறங்கி வரும் எங்கள் முள்ளுக்காட்டு ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் குவித்துப் படுத்து, தண்ணீரையெல்லாம் தம் சேற்றுக்குழிக்குத் திருப்பிவிட்டு, அதில் குடும்பத்தோடு புரண்டு மகிழும்..."

சபையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரை வணங்கப் போகிறார்?

"...பெருமைக்குரிய காட்டுப்பன்றியார் அவர்களே, வணக்கம்."

காட்டுப்பன்றியாருக்குப் 'பெருமைக்குரிய' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. சட்டென்று எழுந்தார். தலையை நன்றாகக் குனிந்தார். சபை தட்டியது. உட்காரும்போதுதான் முன்னால் சொன்னதும் மெதுவாக உள்ளே இறங்கியது. வாயைத் திறந்தார்.

"வணக்கத்துக்கு நடுவே பேசக் கூடாது" என்றது மரங்கொத்தி.

"அந்த ஓடையைத் தினமும் தாண்டிப் போய், அங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்து, நமக்கென்ன என்று நடையைக் கட்டிய யானையார் அவர்களே, வணக்கம்."

யானையார் எழுந்தார். எழாமல் இருக்க முடியுமா? அவ்வளவு பெரிய உடம்பு கூனிக் குறுகியது. தும்பிக்கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். சபை இன்னும் பலமாகத் தட்டியது.

"எங்கள் குழந்தைகள் சேற்றை நக்குவதை நல்ல கவனத்தில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பொறுப்பாளர் கொக்கார் அவர்களே, வணக்கம்."

கொக்கார் தலை குனிந்த வேகத்தில் தூக்கி வைத்திருந்த காலைக் கீழே ஊன்றிவிட்டார். கொக்காரின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இருப்பதை அந்தச் சபை அன்றுதான் பார்த்தது. தட்டிய தட்டில் ஆந்தையார் இருந்த கிளை ஆடியது. நத்தை நுனியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இதையெல்லாம் கிளைமேல் இருந்து கேட்டும் இன்னும் கண்ணைத் திறக்காத அவைத்தலைவர் ஆந்தையார் அவர்களே, வணக்கம்."

ஆந்தையார் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பேர் சொன்னது கேட்டது. எழுந்து, தலை குனிந்து, கீழே விழப் போய், இறக்கையை அடித்துச் சமாளித்துக்கொண்டார்.

டொக் டொக்.

"என் வணக்கம் முடிந்தது. பேச்சுக்குத்தான் நேரமில்லை" என்று சொல்லிவிட்டுச் சேவலார் உட்கார்ந்தார்.

காட்டுப்பன்றியார் துள்ளி எழுந்தார். "இது வணக்கமே இல்லை. இது புகார்."

"எல்லாம் 'அவர்களே'ன்னுதானே முடிஞ்சது?" என்றார் ஆந்தையார்.

"முடிஞ்சது."

"எழுந்தீரா?"

"எழுந்தேன்."

"தலை குனிஞ்சு ஏத்துக்கிட்டீரா?"

"அது பழக்கதோஷம்."

"ஏத்துக்கிட்ட வணக்கத்தைத் திருப்பிக் கொடுக்க விதியில்லையே, பன்றியாரே. இருந்திருந்தா நான் முதல் ஆளாத் திருப்பிக் கொடுத்திருப்பேன்" என்றார் ஆந்தையார். சபை கொல்லென்று சிரித்தது. நரிகூடச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் ஆந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓடைக்குக் குறுக்கே படுத்திருப்பதாக அவரே ஒப்புக்கொண்டாச்சு. பார்த்ததாக யானையாரும் ஒப்புக்கொண்டாச்சு. யானையார் இப்போதே போய் வழியைத் திறந்துவிடட்டும். தண்ணீர் முள்ளுக்காட்டுக்குப் போய்ச் சேரும் வரை கொக்கார் அங்கேயே நிற்கட்டும். பன்றியாரே, மழைக்காலத்தில் புரளலாம். இப்போது எழுந்திரும்."

யானையார் ஓட்டமாக ஓடினார். கூச்சம் வந்தால் யானை எவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்றுதான் தெரிந்தது.

பஞ்சுவாலும் சேவலாரும் ஊர் எல்லைக்கு வந்தபோது முள்ளுக்காடு ஒரே அமளியாக இருந்தது. ஓடை நுரையும் சருகுமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் குட்டிமுயல்கள் தலைதெறிக்க ஓடி வந்தன. நினைவு தெரிந்து அவை ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததே இல்லை. தண்ணீர் தங்களைத் துரத்துகிறது என்று நினைத்துவிட்டன.

"அம்மா, அது விடாமல் வருது" என்று கத்தியது ஒரு குட்டி.

"வரட்டும்டா, அது கடிக்காது. நின்னு குடி" என்றது பஞ்சுவால்.

குட்டி நின்றது. தண்ணீர் வந்து அதன் கால்களை நனைத்தது.

நீதி: நமக்காகப் பேசப் போகிறவர், சொல்ல வேண்டியதைச் சபை காதுகொடுத்துக் கேட்கும் வணக்கத்துக்குள்ளேயே வைத்துச் சொல்லிவிட வேண்டும்.