ஆடு தொடாத செடி

முன்னொரு காலத்திலே புரவிக்கோட்டைச் சீமையைக் கந்தர்ப்பராசன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். தங்கமான மனுசர்தான், ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கமாட்டார். குதிரை மேய்கிற அரண்மனைத் தரையில் புல் அலையடிப்பதைப் பார்த்து ஒருநாள் சொக்கிப்போனார். "இதில் எவன் கை வைத்தாலும் அந்தக் கையை வாங்கிவிடுவேன்" என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

அப்புறம் யார் களையெடுப்பார்கள்? ரெண்டே மழையில் எருக்கும் கருவேலங்கன்றும் ஆள் உயரம் எழும்பிப் புல்லை அமுக்கிவிட்டன. குதிரைகள் எலும்பும் தோலுமாயின.

பிரதானி அம்பலவாணருக்கு லாயக்காரன் கருத்தாண்டியைக் கண்டாலே ஆகாது. ராசா தன்னைவிட அவனோடு அதிகம் பேசுகிறாராம். "குதிரைக்கு வைக்கிற கொள்ளு எல்லாத்தையும் இவன்தான் தின்கிறான் மகாராசா" என்று ஊதிவிட்டார். கருத்தாண்டி சிறைக்குப் போனான். தை பிறந்தால் தலை போகும் என்று தீர்ப்பு.

அவன் பெண்டாட்டி ஒச்சம்மா நேரே சபையில் வந்து நின்றாள்.

"களைதான் மகாராசா காரணம். தரையைத் திருத்தித் தாரேன், என் புருசனை விட்டிருங்க."

"என் வாக்கு என்னாவது?"

"ஒரு கையும் படாது. தை வரைக்கும் குதிரையை மட்டும் உள்ளே விடாதீங்க."

மறுநாள் பார்க்கணுமே கூத்தை! ஒச்சம்மாவின் அண்ணன் தம்பிமார் நானூறு வெள்ளாட்டை ஓட்டிவந்து உள்ளே விட்டார்கள். எருக்கு போச்சு, கருவேலங்கன்று போச்சு. ராத்திரியும் மேய்ந்த இடத்திலேயே ஆட்டை அடைத்துக் கிடை போட்டார்கள், புழுக்கையெல்லாம் உரமாயிற்று. புரட்டாசியோடு ஆடு வெளியே போனது, ஐப்பசி மழை உள்ளே வந்தது. கிளம்பியதய்யா புல், முழங்கால் உயரத்துக்கு.

மார்கழிக் கடைசியில் ராசா பரிவாரத்தோடு பார்க்க வந்தார். பிரதானி முந்திக்கொண்டார்.

"உத்தரவை மீறி ஆடு மேய்த்தாள் மகாராசா."

"கைதானே வைக்கக்கூடாது?" என்றாள் ஒச்சம்மா. "ஆட்டுக்கு ஏது சாமி கை? நாலும் காலு."

ராசா மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு குதிரைகளை அவிழ்த்துவிடச் சொன்னார். புல்லுக்குக் குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. பட்டத்துக் குதிரை ராசா கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரதானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலைக்கு ஓடி ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து நீட்டினார். "தரையைத் திருத்திவிட்டாளாம். இதோ, களை அப்படியே நிற்கிறது."

"அது ஆடாதொடை சாமி," என்றாள் ஒச்சம்மா. "ஆடுகூடத் தொடாது. நீங்க தொட்டுட்டீங்களே, அதுவும் கையாலே."

பிரதானி கையிலிருந்து செடி விழுந்தது. ராசாவுக்கே முகம் வாடிவிட்டது, சொன்ன சொல் ஆயிற்றே.

ஒச்சம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. "மகாராசா, கையை வாங்கணும்னுதானே உத்தரவு? வெட்டணும்னு இல்லையே. லாயத்துக்கு வாங்கிக்கோங்க. அங்கே சாணி அள்ள ஒரு கை குறையுது."

ராசா சிரித்த சிரிப்பில் குதிரைகளே நிமிர்ந்து பார்த்தன. கருத்தாண்டி அன்றைக்கே வீடு வந்தான். மேய்ச்சல் தரையும் லாயமும் ஒச்சம்மா அதிகாரத்துக்கு வந்தன. மறுநாள் காலையில் பிரதானி கூடையோடு வந்து, எந்தப் பக்கமிருந்து அள்ளட்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.