புதன்கிழமை அவள் பிடித்த கை

தெருநாய் கடித்ததைக் குழந்தை மறைத்துவிட்டது. ஒரு பகலும் ஒரு இரவும் வீட்டில் யாருக்கும் தெரியாது. நடந்த தப்பு அதுதான்.

குழந்தை பெயர் தன்ஷிகா. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் பூபதிக்கும் கோகிலாவுக்கும் ஒரே பெண். நாலு வயசில் மறைக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். சொல்லிக்கொடுத்தால் தெரியும். சோற்றைத் துப்பினால் கோகிலா சொல்வாள்: "இரு, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயி ஊசி போடச் சொல்றேன்." தூங்காவிட்டால் ஊசி. தலை வார நிற்காவிட்டால் ஊசி. பூபதியும் எப்போதாவது சேர்ந்துகொள்வான். சொன்னால் காரியம் நடந்தது, அதனால் சொன்னார்கள்.

நாய்க்குட்டி கிட்டப் போகாதே என்றும் சொல்லியிருந்தார்கள். போனாள். தாய் நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பேச்சுக் கேட்காததற்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். முழுக்கால் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூபதியின் அக்கா சரோஜா வந்தாள். குளிக்கக் கூப்பிட்டதும் குழந்தை பேண்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

"யாருகிட்டயும் சொல்லமாட்டீன்னா காட்டறேன் அத்தை."

"சொல்லமாட்டேன் சாமி. காட்டு."

கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள். பார்த்தாள். பல் பதிந்த இடம் வீங்கிக் கிடந்தது.

பைப்படிக்குத் தூக்கிப் போய், சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் கழுவினாள். குழந்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "அத்தை குடுத்த வாக்கக் காப்பாத்த முடியாது அம்மிணி. உங்கப்பன்கிட்டச் சொல்லத்தான் போறேன். எம்மேல கோவிச்சுக்க."

சரோஜா சொன்னதும் பூபதி பைக் சாவியை எடுத்தான். நாய்க்கடி விஷம் தலைக்கேறிவிட்டால் வைத்தியம் கிடையாது. அது அவனுக்குத் தெரியும். "வா தங்கம், பார்க்குல ஊஞ்சல் ஆடலாம்" என்று பைக்கில் உட்காரவைத்து நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டான். கையில் ஊசி. காயத்தைச் சுற்றியும் ஊசி. நர்ஸ் ஒருத்தியால் பிடிக்க முடியவில்லை. அவனே காலை அமுக்கிப் பிடித்தான். "அப்பா, அப்பா" என்று அவனைத்தான் கூப்பிட்டாள், வந்து காப்பாற்றச் சொல்லி.

அடுத்த ஊசி புதன்கிழமை என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். பைக் சாவி சத்தம் கேட்டால் அலறல். பூபதி வாங்கி வந்த தேன்மிட்டாயில் எறும்பு மொய்த்தது. தறிக்கூடத்தில் அவனுக்கு நூல் அறுந்ததுகூடக் கண்ணில் படவில்லை. பெற்ற பெண் தன்னைக் கண்டு சுவரோரம் ஒதுங்கினால் எவனுக்குத்தான் வேலை ஓடும்?

திங்கட்கிழமை கோகிலா சோற்றுத் தட்டோடு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வாங்கிவிட்டுக் குழந்தை தலையைத் திருப்பியது. பழக்க தோஷம், பூபதி ஆரம்பித்தான்: "ஒழுங்கா உண்ணு, இல்லீன்னா..."

"வேண்டாமுங்க. அந்தப் பேச்சு இனி இந்த வீட்ல வேண்டாம்" என்றாள் கோகிலா. பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். "ஊசி தப்புப் பண்றவங்களுக்குப் போடறதில்ல கண்ணு. அம்மா பொய் சொல்லிட்டேன். நாய் கடிச்சது உன் தப்பில்ல. புதன்கிழமை மறுக்காப் போடணும். வலிக்கும். நான் கூடவே இருப்பேன்."

குழந்தை அவளையே பார்த்தது. தண்ணீர் டம்ளரை எடுத்து, வேண்டுமென்றே தட்டில் கவிழ்த்தது. சோறெல்லாம் தண்ணீர். காத்திருந்தது.

"துணி எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் தொடைக்கலாம்" என்றாள் கோகிலா. அதோடு சரி.

புதன் காலை. வாசலில் மூன்று பேர்.

"நான் பாக்காமப் போயிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்றாள் சரோஜா.

"பாத்தா ஆச்சா? நாந்தூக்கிட்டுப் போகாட்டி உசுரே நின்னிருக்காதுக்கா" என்றான் பூபதி.

கோகிலா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பையில் வைத்தாள். தன்ஷிகா தானாக வெளியே வந்து, மூவரில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யார் கை? ஏன்?

விடை: அத்தை கை என்பீர்கள். ஏமாற்றாமல் முகத்துக்கு நேரே சொன்னவள்தான், காயத்தைக் கழுவியவள்தான். ஆனால் ஊசி தண்டனை என்ற குழந்தையின் நினைப்பு அப்படியேதான் இருந்தது. பூபதி நேரத்துக்குக் கொண்டுபோனது சரி, அதில் பேச்சில்லை. பார்க் என்ற பொய்தான் வேண்டாத வேலை. உண்மையைச் சொல்லித் தூக்கிப் போயிருந்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும். இருவரும் உடம்பைக் காப்பாற்றினார்கள். அடுத்த முறை எங்கே வலித்தாலும் குழந்தை வாயைத் திறக்க வேண்டுமே, அதற்கு வழி செய்தது யார்? பயத்தை ஊட்டிய வாயே அது பொய் என்று ஒப்புக்கொண்டது. குழந்தை அதையும் சும்மா நம்பவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் நம்பியது. அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் அழுதாள், கத்தினாள். ஆனால் ஊசிக்குக் கையைத் தானே நீட்டினாள். பூபதி பின்னால் நடந்தான். குழந்தை இன்னும் அவன் பக்கம் திரும்பவில்லை. அதற்கு நாள் பிடிக்கும். கெடுத்தவளும் அவள்தான், சரிசெய்தவளும் அவள்தான்: கோகிலா.