மார்கழியில் வந்த மாம்பழம்

அது ரொம்ப காலத்துக்கு முந்தி. செங்குளத்து நாட்டை உக்கிரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எது கிடைக்காதோ அதுதான் அவருக்கு வேண்டும். மார்கழியில் மாம்பழம் கேட்பார், சித்திரையில் மொச்சை கேட்பார். அந்த நாக்கைக் கெடுத்து வைத்தவர் அம்பலவாணர். அரண்மனைச் சமையலுக்குச் சாமான் வாங்கிப் போடுகிற அதிகாரி. "பருவம் பார்த்துத் தின்பது குடியானவன் வேலை, மகாராஜா. தாங்கள் நினைத்ததே பருவம்" என்று காதில் ஓதி ஓதியே பெரிய ஆளாகிவிட்டார்.

அந்த வருஷமும் மார்கழியில் ராஜாவுக்கு மாம்பழ ஆசை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் காலம் தப்பிக் காய்க்கிற மரம் ஒன்றிரண்டு உண்டு. அதைக் கொண்டுவர வேப்பங்காட்டு ஊரில் நாற்பது ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மொச்சை முற்றி நிற்கிற நேரம் அது. இன்னும் ஐந்தாறு நாள் விட்டால் காய் வெடித்துப் பயறு மண்ணில் கொட்டிவிடும். பறிக்க ஊரில் ஆள் இல்லை.

பிடித்துப் போனதில் பேச்சி புருஷன் சுடலையும் ஒருத்தன். நாலாம் நாள், பேச்சி தனியாளாகப் பறித்த ஒரு கூடை மொச்சையைத் தலையில் வைத்துக்கொண்டு, விடிவதற்குள் அரண்மனைக்கு நடந்தாள். அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது: விளைச்சலின் முதல் கூடையைக் கொண்டு வருகிறவர்களை ராஜா நேரில் பார்க்க வேண்டும். அம்பலவாணர் வாசலிலேயே மறித்து, "இந்த மாட்டுத் தீனியை உள்ளே கொண்டு போகாதே" என்றார்.  பேச்சி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே பார்த்தால், முற்றத்தில் நாற்பது பேரும் மாம்பழக் கூடையோடு நிற்கிறார்கள். கூடை சுமந்து சுமந்து சுடலையின் தோள்பட்டை தோல் உரிந்து ரத்தம் கட்டியிருக்கிறது. ராஜா ஒரு துண்டு மாம்பழத்தை வாயில் போட்டார், போட்ட வேகத்தில் துப்பினார். பிஞ்சில் பறித்து, வைக்கோலில் புகைமூட்டிப் பழுக்க வைத்த பழம். வேறு எப்படி இருக்கும்?

"இதென்ன, புளிப்பும் புகையும்?" என்று ராஜா சீறினார்.

அம்பலவாணர் கொஞ்சமும் அசரவில்லை. "பழம் அமிர்தம், மகாராஜா. இந்தச் சோம்பேறிகள் ஆடி அசைந்து வந்ததில் கெட்டுவிட்டது. இன்றைக்கே திரும்ப விரட்டுவோம். இந்தத் தடவை ஓடி வரட்டும்."

பேச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியிருந்தால் சிறைக்குத்தான் போயிருப்பாள். அதனால் அந்தக் கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டுக் கைகூப்பினாள்.

"மகாராசா, ஐயா சொல்றது சரிதான், பழத்து மேல குத்தமில்ல. மாம்பழம் வெயிலுக்குப் பொறந்தது. திங்கிறவங்க உடம்பும் வெயில் காலத்துல இருக்கிற மாதிரி இருக்கணும். மேல சந்தனம் பூசி, பன்னீர் தெளிச்சு, மெல்லிசு துணி உடுத்தி, நாலு பேர் விசிற உக்காந்து தின்னா ருசி தெரியும். முதல்ல ஐயாவே தின்னு காட்டட்டும். அதுவரைக்கும் நான் ஓரமா ஒரு அடுப்பு மூட்டிக்கிறேன், குளிருது."

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. அம்பலவாணருக்குப் பின்வாங்க வழியில்லை, பருவமெல்லாம் ராஜாவுக்கு அடிமை என்று சொன்ன வாய் ஆயிற்றே. சால்வையைக் கழற்றினார். சந்தனம் அப்பினார்கள், பன்னீர் தெளித்தார்கள், நாலு பேர் நின்று விசிறினார்கள். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. முதல் துண்டுக்கு "ஆகா" என்றார். இரண்டாம் துண்டுக்குப் பல் தந்தியடித்தது. மூன்றாம் துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் பேச்சி அரண்மனைச் சமையல்காரரிடம் சட்டியும் சாமானும் வாங்கி, மொச்சையை உரித்து, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். முந்தின நாள்தான் பறித்த காய், அடுப்பில் வைத்ததும் குழைந்தது. ஆவி முற்றமெல்லாம் பரவியது. ராஜாவின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அவர் வாய் திறப்பதற்குள், அம்பலவாணர் விசிறிக்காரர்களைத் தள்ளிவிட்டு ஓடி வந்து சட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

"ஒரு... ஒரு அகப்பை ஊத்தம்மா."

முற்றம் முழுக்கச் சிரித்தது. பேச்சி சிரிக்கவில்லை. "மாட்டுத் தீனிங்க ஐயா, உங்களுக்கு ஆகாது" என்று சட்டியைத் தூக்கி ராஜா முன்னால் வைத்தாள்.

ராஜா சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கழுத்து மாலையைக் கழற்றிப் பேச்சியிடம் நீட்டினார்.

"மாலைய வச்சு நான் என்ன செய்ய? இந்த நாற்பது பேரையும் இப்பவே அனுப்புங்க. மொச்சை வெடிக்கப் போகுது."

அந்த நிமிஷமே அனுப்பினார். அம்பலவாணரைக் கூப்பிட்டு, "இனி நான் மார்கழியில் மாம்பழம் கேட்டால் உன் தலையில்தான் கூடை. அதுவரைக்கும் தினம் வாசலில் நின்று, வருகிற முதல் கூடையை இரண்டு கையாலும் வாங்கு. எது வருகிறதோ அதுதான் அன்றைக்கு என் இலையில்" என்றார்.

சித்திரை வந்தது. பேச்சியும் சுடலையும் மரத்தில் பழுத்த மாம்பழம் முதல் கூடை கொண்டு வந்தார்கள். அம்பலவாணர் குனிந்து வாங்கிக் கொடுத்தார். ராஜா ஒன்றை எடுத்துக் கடித்தார். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. 

"அப்படியானால் இத்தனை வருஷம் நான் தின்றது என்ன?" என்று கேட்டார்.

 பேச்சி, புருஷன் தோளில் கிடந்த துண்டை விலக்கிக் காட்டினாள். தழும்பு இன்னும் கறுத்துக் கிடந்தது.

"இதைத்தான் தின்னீங்க, மகாராசா."