கடைசி இலைக்கு வராத சோறு

முன்னொரு காலத்தில் கூடற்பாடியைத் தலைநகராக வைத்து விசையமாறன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். அந்த ராசாவின் மடைப்பள்ளி மூலையில் ஒருத்தி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நரம்பை உருவி எறிவாள், பூவை மோருக்குள் போடுவாள். விரலெல்லாம் கறை.

நாட்டின் தெற்குக் கோடியில் உவர்க்கரை என்று ஒரு கடலோரம். அவள் அந்த ஊர்க்காரி. அரண்மனையில் எல்லாரும் "ஏ கரைக்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வலியப் போய்ச் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

உவர்க்கரையில் எந்தக் கிணறு தோண்டினாலும் உப்புத்தண்ணீர். பிள்ளைகள் அதைக் குடித்து வயிறு கெட்டுச் சுருண்டு கிடக்கும். ஒருநாள் அவள் கஞ்சிப்பானையின் மூடியில் தொங்கிய சொட்டை நக்கிப் பார்த்தாள். உப்பில்லை. அதைப் பிடித்துக்கொண்டு யோசித்து, மூடியைச் சரிவாக வைத்து, ஆவி சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் இறங்குகிற மாதிரி ஒரு பானை செய்துவிட்டாள். ஊருக்கெல்லாம் செய்ய ஒரு சூளை வேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு ராசா வருசாவருசம் கொடை கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, நடை பழகுகிற பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

கொடை யாருக்கு என்று சொல்லுகிறவர் அவைப் பண்டிதர் மகுடேசர். அவர் பானையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்கள் கரையில் இதுவரை யாராவது கொடை வாங்கியிருக்கிறார்களா?"

"இல்லைங்க சாமி."

"பார்த்தீர்களா அரசே. வாங்கி நல்ல பேர் எடுத்த இடத்துக்குத்தான் கொடுக்கவேண்டும். பழக்கமில்லாத இடத்தில் கொட்டினால் பொன் வீணாய்ப் போகும்."

ராசா தலையை ஆட்டினான். கொடை பண்டிதரின் மருமகனுக்குப் போனது. போன வருசம் அவன் கிளிக்குத் தானே ஆடுகிற ஊஞ்சல் செய்திருந்தான். இந்த வருசம் அதற்கு மணி கட்டப்போகிறானாம்.

கரைக்குத் திரும்ப உப்பு வண்டிகள் வரவேண்டும். மழை முடிந்துதான் வரும். அதுவரைக்கும் மடைப்பள்ளியில் கஞ்சிக்கு வேலை செய்தாள். சாயங்காலம் மற்றப் பெண்கள் அவரவர் பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவளும் அவள் பானையும்தான். வந்த புதிதில் பால் கட்டி நெஞ்சு வலித்தது. இப்போது அந்த வலியும் நின்றுபோனது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ராசாவின் பிறந்தநாள் வந்தது. அன்றைக்கு மட்டும் ராசா பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். முதல் இலை மகுடேசருக்கு. பரிமாற ஆள் பற்றாமல் மடைப்பள்ளிக்காரி அன்னம்மை, "ஏ கரைக்காரி, நீயும் வா, சோற்றை எடு" என்றாள்.

இலைதோறும் உப்பு வைத்தாயிற்று. கரைக்காரி சோற்றுக்கூடையோடு போனாள். முதல் இலைக்குப் போட்டாள், பக்கத்து இலைகளுக்குப் போட்டாள், பாதிப் பந்தியில் திரும்பி மறுபடி முதல் இலைக்கே வந்தாள்.

"போதும், போதும்" என்றார் மகுடேசர்.

"சாமி பழகின கை, சாப்பிடுவீங்க" என்று மேலும் கொட்டினாள். குழம்பும் அப்படியே வந்தது. பண்டிதர் இலை குன்றாகி, ரசம் வழிந்து அவர் பட்டுவேட்டியில் இறங்கியது. அந்தக் கோடியில் ராசாவின் இலையில் உப்பு மட்டும் இருந்தது.

ராசாவுக்குப் பசி காதை அடைத்தது. "ஏம்மா, இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டாயா?"

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ராசாவே, அந்த இலையில இதுவரைக்கும் யாரும் சாப்பிட்டதா தெரியலை. பழக்கமில்லாத இலையில போட்டா சோறு வீணாப் போயிடுமே. முதல் இலையைப் பாருங்க, எவ்வளவு நல்ல பேர் எடுத்திருக்கு."

"போட்டால்தானே சாப்பிட முடியும்?"

"அதைத்தான் ராசாவே அன்னைக்குச் சபையில சொல்ல வந்தேன். வாய் வரலை."

ராசா தன் இலையில் இருந்த உப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான், அவ்வளவாகச் சந்தோசமில்லாத சிரிப்பு.

"மகுடேசரே, இனிமேல் கொடை கடைசி இலையிலிருந்து தொடங்கட்டும். நீர் உவர்க்கரைக்குப் போய், சூளை எழும்பும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிரும்."

"அரசே, என் வயிறு..."

"அங்கே உள்ள பிள்ளைகளுக்கும் அது இருக்கிறது."

பிறகு அவளைப் பார்த்து, "நீ இங்கேயே இரு. வீடு தருகிறேன், அவையில் இடம் தருகிறேன்" என்றான்.

"கெட்டிக்காரங்க எல்லாரும் இங்கயே வந்துட்டா, கரையில யாரு ராசாவே இருப்பாங்க? சூளையை அங்க குடுங்க."

"சரி. உன் பேர் என்ன?"

எத்தனையோ மாதமாக நாக்கு தொடாத சொல் அது. "பூவாயி" என்றாள், யாரோ ஒருத்தியைச் சொல்லுகிற மாதிரி.

மழை விட்டது. அன்றைக்கும் அவள் மூலையில் வாழைப்பூதான் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை இந்நேரம் ஓடப் பழகியிருக்கும், நாத்தனாரைத்தான் அம்மா என்கிறதோ, தன்னைக் கண்டால் மிரண்டு அழுமோ என்று நினைத்துக்கொண்டே நரம்பை உருவினாள்.

"பூவாயி, ஏ பூவாயி" என்று வாசலிலிருந்து அன்னம்மை கூப்பிட்டாள். "கரை வண்டி வந்தாச்சுடி."

அவள் கறைக் கையை முந்தானையில் துடைத்தாள், பானையை இடுப்பில் எடுத்தாள், உருவின பூவை மோரில் போடக்கூட நிற்காமல் வாசலுக்கு ஓடினாள்.