நாலு மாலை, நாலு குழி, ஒரு மாமா

தாமிரபரணிக்குத் தெற்கே, பஸ் நிற்கும், ஆனால் யாரும் இறங்காத ஓர் ஊர் உண்டு. அங்கே தளவாய், பேச்சிமுத்து, கொம்பையா, சங்கு என்று நான்கு சகோதரர்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே தாய்மாமன், உச்சிமாகாளி. நால்வருக்கும் சேர்த்து அறிவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒருநாள் காலை காப்பி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்த மாமா, பிறகு எழுந்திருக்கவில்லை. இறப்பது மட்டும்தான் இறப்பவரின் வேலை. அதற்குப் பின் வரும் வேலைகள் எல்லாம் இருப்பவர்களுடையவை. சட்டமும் சாத்திரமும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம் இது.

அத்தை ஆவுடையம்மாள் அழுகைக்கு நடுவிலும் தெளிவாக இருந்தாள். "ஏலே, டாக்டர் வந்து பாத்து எழுதித் தரணும். அதைக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்து ஆபீஸ்ல பதியணும். மாலை வாங்கணும். குழிக்குச் சொல்லணும். பொழுது சாயறதுக்குள்ள நாலு பேருமாத் தூக்கிரணும். உங்க மாமாவுக்கு இருட்டுன்னா பயம்லே."

அது உண்மை. கல்யாணமான நாள் முதல், இருட்டிய பிறகு மாமா வெளியே போனால் அத்தை பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு போவாள்.

மூத்தவன் தளவாய் துண்டை உதறித் தோளில் போட்டான். "சரி அத்தே, போயிட்டு வாறேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "மூதி! துக்க வீட்டுல போயிட்டு வாறேன்னு சொல்லுவாங்களாலே? சொல்லாமக் கொள்ளாமப் போவணும். வர்றவங்களை வாங்கன்னும் கேக்கக்கூடாது."

நால்வரும் இதை மனத்தில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டிருந்ததால் டாக்டர் தானாகவே வந்துவிட்டார். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, பையோடு நின்றார். நால்வரும் அவரைப் பார்த்தார்கள். அவரும் நால்வரையும் பார்த்தார்.

"வாங்கன்னு சொல்லக்கூடாது" என்று பேச்சிமுத்து கிசுகிசுத்தான்.

"போங்கன்னு சொல்லலாமாலே?" என்றான் கொம்பையா.

"அதுக்கு அத்தை தடை ஒண்ணும் போடலியே."

"அப்பம் அதையாவது சொல்லுவோம். படிச்ச மனுஷனை ஒண்ணும் பேசாம நிக்க வைக்கிறது மரியாதையில்ல."

நால்வரும் கைகூப்பி, "போங்க டாக்டர்" என்றார்கள்.

அத்தை ஓடிப்போய்த் தெருமுனையில் பைக்கின் பின்கம்பியைப் பிடித்து அவரை மீட்டு வந்தாள். எழுதி வாங்கிய கையோடு, பதிகிற வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாள். அவர் வெளியூர்க்காரர், அதனால் வேலை முடிந்தது.

மிச்சம் இருந்தவை மாலையும் குழியும். போகிறவன் சொல்லக்கூடாது என்பதால் யார் எதற்குப் போகிறான் என்பதையும் சொல்லக்கூடாது அல்லவா? ஒருவன் பின்கதவு வழியாக நழுவினான், ஒருவன் தொழுவம் வழியாக, ஒருவன் சுவரேறி. சங்கு மட்டும் வாசல் வழியாகவே போனான், கண்ணை மூடிக்கொண்டு. சற்று நேரத்தில் நான்கு மாலைகள் வந்து சேர்ந்தன.

"குழிக்கு யாருலே சொன்னது?"

அத்தை கேட்டதற்கு நால்வரும் தத்தம் மாலையைத் தூக்கிக் காட்டினார்கள்.

"எவனாவது போய்ச் சொல்லுங்கலே! வெயில் எறங்குது!" என்று அத்தை கத்தினாள். திரும்பிப் பார்த்தால் ஒருவனும் இல்லை.

இடுகாட்டில் குழி வெட்டுகிற இசக்கியிடம் முதலில் தளவாய் வந்தான். "மாமா தவறிட்டாரு. ஒரு குழி வேணும்." பின்னாலேயே பேச்சிமுத்து: "மாமா தவறிட்டாரு. ஒரு குழி வேணும்." நான்காவதாகச் சங்கு வந்தபோது இசக்கி மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"ஒரே நாள்ல நாலு மாமாவா? நான் ஒத்தை ஆளுய்யா! அவங்கவங்க மாமாவுக்கு அவங்கவங்க வெட்டுங்க."

ஆளுக்கொரு மண்வெட்டி கிடைத்தது. வெட்டும்போது நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயோ பாவம், இவனுக்குமா என்று ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்துத் துக்கமாகத் தலையாட்டிவிட்டு, தன் குழியைத் தொடர்ந்தான்.

வீட்டுப் பக்கம் சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. அத்தை வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் சூளையில் வேலை முடிந்து நான்கு பேர் வந்தார்கள். அவள் வாங்க என்று கூப்பிடவில்லை. கட்டிலைக் காட்டினாள், பிறகு சூரியனைக் காட்டினாள். அவர்கள் தூக்குவாளிகளைக் கீழே வைத்துவிட்டு மாமாவைத் தூக்கினார்கள். அத்தை தன் டார்ச்சை அவர் கையருகில் வைத்து அனுப்பினாள்.

மாமா ரோடு வழியாகப் போனார். வெட்டி முடித்த மருமக்கள் வயல் வழியாகத் திரும்பினார்கள். அங்கே இடுகாட்டில், நான்கில் நல்ல குழியாகப் பார்த்து இசக்கி மாமாவை இறக்கியபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

இங்கே வீடு கழுவி விளக்கேற்றியிருந்தது. பெண்கள் எல்லோரும் வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். கட்டில் காலி.

"மாமாவை எங்கலே?" என்றான் கொம்பையா.

பேச்சிமுத்து டார்ச் மாட்டும் சுவரைப் பார்த்தான். "வெளிய போயிருக்காரு. டார்ச்சைக் காணும்."

"தனியாவா?"

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ணே" என்று சங்கு விம்மினான்.

தளவாய் அவன் முதுகில் ஒன்று வைத்தான். "துக்க வீட்டுல எப்பிடிலே சொல்லுவாரு? மாமா முறை தெரிஞ்ச மனுஷன்."

அதை மூவரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு நால்வரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா திரும்பி வரும்போது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும், வாய் தவறி 'வாங்க' என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள்.